வீதியோரத்துக் காவற்கண்

1896ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்த பாடொக் வூட் என்னும் சிற்றூர் வழியாக, குதிரை பூட்டாத வண்டியொன்று ஓடிற்று. அதனை ஓட்டியவர் வோல்டர் ஆர்னோல்ட் என்பவர். உணவருந்திக்கொண்டிருந்த ஊர்க் காவலர் ஒருவர் இதனைக் கண்டு, துவிச்சக்கர வண்டியில் ஏறி, ஏறக்குறைய ஐந்து மைல் தூரம் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார் என்பர். மணிக்கு 2 மைல் மட்டுமே செல்லக்கூடிய இடத்தில் 8 மைல் வேகத்திற் சென்றமை அவர்மேற் சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. நீதிமன்றம் அதற்கு ஒரு சிலிங் அபராதமும் செலவுத் தொகையும் விதித்தது. மோட்டார் வண்டியை அளவு மீறிய வேகத்தில் ஓட்டித் தண்டனை பெற்றோருள் முதல்வராக ஆர்னோல்டின் பெயர் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

இன்று அவ்வூர் காவலரின் இடத்தில் ஒரு கமரா நிற்கின்றது. அது உண்பதுமில்லை, உறங்குவதுமில்லை. எவரையும் துரத்திச் செல்வதுமில்லை. வேக எல்லையை மீறும் வண்டியின் இலக்கத் தகட்டைப் படம்பிடித்துக்கொண்டு வாளாவிருந்துவிடும். குற்றவறிக்கை சில நாட்களின் பின் வீட்டுக்கு வந்து சேரும். இந்தக் காவற்கண் எவ்வாறு தோன்றிற்று? அது வீதியிலே உயிர்களைக் காத்ததா? வாகன ஓட்டத்தைச் சீர்செய்ததா, அன்றிக் குலைத்ததா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு இங்கிலாந்தின் அனுபவமே சிறந்த சான்றாகும். ஏனெனில் வேகத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் முயற்சி அங்கே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது.

அம்முயற்சியின் தொடக்கக் காலச் சட்டங்களுள் ஒன்று 1865ஆம் ஆண்டுச் சட்டம். நீராவி எந்திர வண்டிகளை மனத்திற் கொண்டு அது இயற்றப்பட்டது. நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகரத்துள் 2 மைல் என எல்லை வகுத்ததோடு, வண்டிக்கு 60 யார் தூரம் முன்னால் ஒருவர் செங்கொடி பிடித்து நடந்து செல்ல வேண்டுமெனவும் அது விதித்தது. எந்திரத்தைக் கண்டு குதிரைகள் மிரளும் என்ற அச்சம் அக்காலத்தில் இருந்தது. மோட்டார் வண்டி தோன்றியதும் இவ்விதி நகைப்புக்கிடமாயிற்று. 1896ஆம் ஆண்டின் இறுதியில் அது நீக்கப்பட்டது. எனினும் அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் இலண்டன் பளிங்கு மாளிகைப் பூங்காவிலே பெண்மணி ஒருவர் மோட்டார் வண்டி மோதி உயிரிழந்தார். இத்தகைய நிகழ்ச்சி இனியொருபோதும் நிகழலாகாது என மரணவிசாரணை அதிகாரி கூறினாராம். அவருடைய விருப்பம் நிறைவேறவில்லை என்பதை உலகம் நன்கறியும்.

1903ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையை 20 மைலாக உயர்த்தியது. அப்போதுதான் காவற்படைக்கும் சாரதிகளுக்கும் இடையே ஒரு கண்ணாமூச்சி விளையாட்டுத் தொடங்கியது. காவலர் வேலி மறைவிலே நிறுத்து கடிகாரத்துடன் காத்திருந்து, அளந்து வைத்த தூரத்தை வண்டி எத்தனை விநாடியிற் கடக்கின்றது எனக் கணித்தனர். இதற்கு மாற்றாக 1905ஆம் ஆண்டிலே சாரதிகள் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். அச்சங்கத்தின் ஊழியர் துவிச்சக்கர வண்டிகளில் வீதிகளைச் சுற்றி வந்து, காவலர் ஒளிந்திருக்கும் இடங்களை உறுப்பினருக்கு அறிவித்தனர். அவ்வாறு எச்சரிப்பது குற்றமாகலாம் என 1910ஆம் ஆண்டில் நீதிமன்றம் கூறவே, அவர்கள் வேறொரு வழி கண்டனர். சங்கச் சின்னம் பொறித்த வண்டி வரும்போது ஊழியர் வணக்கம் செலுத்துவது வழக்கம். காவலர் மறைந்திருக்கும் இடத்தை அணுகுகையில் அவர் வணக்கம் செலுத்தாதிருப்பார். வணக்கம் இல்லையெனில் ஆபத்து என்பதைச் சாரதி உணர்ந்துகொள்வார். பேசியதற்குத் தண்டிக்கலாம், பேசாமல் இருந்ததற்கு எவ்வாறு தண்டிப்பது?

இக்கதை வெறும் வேடிக்கையன்று. பின்னால் வந்த கமராவின் வரலாறு முழுவதும் இதனுள் அடங்கியுள்ளது. சாரதி பணிந்தது சட்டத்துக்கன்று, சட்டத்தின் கண்ணுக்கே. கண் இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் அவ்விடத்தில் மட்டும் பணிந்து, அப்பால் தன் விருப்பம்போற் செல்லலாம் என்னும் மனப்பான்மை அன்றே வேரூன்றிவிட்டது.

எவரும் மதியாத விதி இருந்தென்ன பயன் எனக் கருதிய பாராளுமன்றம், 1930ஆம் ஆண்டிலே சாதாரண மோட்டார் வண்டிகளுக்குரிய வேக எல்லையை அடியோடு நீக்கிற்று. 1934ஆம் ஆண்டில் பிரித்தானிய வீதிகளில் 7,343 பேர் மாண்டனர். 1935ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வீடுகள் செறிந்த பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற எல்லை மீண்டும் வந்தது. அவ்வாண்டு இறந்தோர் தொகை 6,502. எல்லை ஒன்றே இதற்குக் காரணமெனத் துணிந்து கூறவியலாது. எனினும் எல்லை வேண்டுவதே என்னும் எண்ணம் அதன்பின் அசைக்கப்படவில்லை.

வேகம் ஏன் இத்துணைக் கொடியது? ஓடும் வண்டியின் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கின்றது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். பிரித்தானிய வீதி நெறிக்கோவையின்படி, 30 மைல் வேகத்தில் வரும் வண்டி, ஆபத்தைக் கண்டபின் முற்றாக நிற்பதற்கு 23 மீற்றர் தூரம் வேண்டும். 40 மைல் வேகத்தில் வரும் வண்டிக்கு 36 மீற்றர் வேண்டும். பத்து மைல் கூடியதனால் பதின்மூன்று மீற்றர் கூடுகின்றது. அப்பதின்மூன்று மீற்றருக்குள் ஒரு குழந்தை வீதியைக் கடக்குமாயின் நேர்வது யாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சட்டம் இருந்தது, ஆனால் அதனைக் காக்கும் ஆட்கள் போதவில்லை. பிரித்தானியாவில் 1930ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 23 இலட்சமாக இருந்த வாகனங்கள், 1970ஆம் ஆண்டளவில் ஒன்றரைக் கோடியாகப் பெருகின. வேலி மறைவில் நிற்கும் காவலர் இத்தனை வண்டிகளையும் எவ்வாறு கண்காணிப்பது? இந்நிலையிலேதான் மனிதக் கண்ணுக்குப் பதிலாக எந்திரக் கண் தேவைப்பட்டது. அதனை உருவாக்கியவர், விந்தையாக, வேகத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவர்.

மோரிஸ் கற்சொனிடிஸ் என்பவர் 1911ஆம் ஆண்டில் யாவாத் தீவிலே பிறந்த ஒல்லாந்தர். புகழ் பெற்ற மோட்டார்ப் பந்தய வீரர். 1953ஆம் ஆண்டு மொன்ரே கார்லோ பந்தயத்தில் முதலிடம் பெற்றவர். வளைவுகளில் தாம் எத்துணை வேகத்திற் செல்கின்றார் என்பதை அறிந்து, மேலும் விரைந்து செல்வதற்காகவே அவர் ஓர் அளவுகருவியை அமைத்தார். வீதியின் குறுக்கே இடப்பட்ட றப்பர்க் குழாய்களின் மேல் சில்லுகள் ஏறும் கணங்களைக் கொண்டு வேகத்தைக் கணிக்கும் கருவி அது. 1958ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய நிறுவனம் இதனைக் காவற்படைக்கு ஏற்றதாக்கிற்று. காலப்போக்கில் றப்பர்க் குழாயின் இடத்தை ரேடார் அலைகள் பிடித்தன. விரைந்தோட விரும்பியவன் செய்த கருவி விரைவைத் தடுக்கும் கருவியாயிற்று.

இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டம், தானியங்கும் கருவியின் பதிவைச் சாட்சியமாக ஏற்க வழிசெய்தது. 1992ஆம் ஆண்டில் மேற்கு இலண்டனின் ருவிக்கனம் பாலத்தருகே முதலாவது கமரா நிறுவப்பட்டது. அதன் செயல்முறை எளியது. கடந்து செல்லும் வண்டியின் பின்புறத்தை நோக்கி ரேடார் அலைகள் பாயும். வேகம் குறித்த அளவை மீறியதும் மின்னொளி வீசி, அரை விநாடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுக்கப்படும். வீதியிலே வெள்ளைக் கோடுகள் வரையப்பட்டிருக்கும். மணிக்கு 40 மைல் வேகத்தில் ஓடும் வண்டி அரை விநாடியில் ஏறக்குறைய 9 மீற்றர் செல்லும். ஆதலால் இரு படங்களையும் ஒப்பிட்டு ரேடாரின் கணக்குச் சரியா எனக் கோடுகளைக் கொண்டே பார்த்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் படச்சுருளையே பயன்படுத்தினர். அது முடிந்ததும் ஒருவர் சென்று மாற்ற வேண்டும். கமராக்களும் விலை மிகுந்தவை. எனவே பல இடங்களில் பெட்டி இருக்கும். உள்ளே கமரா இராது. எந்தப் பெட்டிக்குக் கண் உண்டு, எதற்கு இல்லை என்பது சாரதிக்குத் தெரியாது.

பயன் யாது? 2000ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் கமராக்களைப் பெருமளவில் நிறுவத் தொடங்கியது. நான்கு ஆண்டுகளின் விளைவை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினரும் பிறரும் ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். கமரா உள்ள இடங்களில் வாகனங்களின் வேகம் நூற்றுக்கு 6 பங்களவு குறைந்தது. காயம் விளைத்த விபத்துகள் நூற்றுக்கு 22 பங்கு குறைந்தன. இறந்தோரும் கடுங்காயமுற்றோரும் நூற்றுக்கு 42 பங்கு குறைந்தனர் என அவர்கள் கண்டனர்.

இவ்வெண்களைக் கண்டு மகிழ்வதற்கு முன் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது ஒருவன் கசாயம் குடிக்கின்றான். மறுநாள் காய்ச்சல் தணிகின்றது. தணித்தது கசாயமா, அன்றித் தானே தணியும் தன்மையா? விபத்துகள் மிகுந்த இடங்களையே தேர்ந்து கமராக்களை வைத்தனர். மிகுந்த ஆண்டை அடுத்து வரும் ஆண்டுகளில் விபத்துகள் ஓரளவு தாமாகவே குறைதல் இயல்பு. இதனை அவ்வறிக்கையாளரே ஒப்புக்கொண்டனர். இவ்வியல்பைக் கழித்துப் பார்த்தால் கமராவின் பயன் வெகுவாகச் சுருங்கும். ஆயினும் இல்லாமற் போகாது. 2010ஆம் ஆண்டில் பல நாடுகளின் 35 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ ஆய்வாளரும் இம்முடிவுக்கே வந்தனர். விபத்துகளை அளந்த 28 ஆராய்ச்சிகளிலும் கமராவின் அருகே விபத்துகள் குறைந்திருந்தன. அளவுதான் வேறுபட்டது: சில இடங்களில் நூற்றுக்கு 8, சில இடங்களில் 49.

அதே 2010ஆம் ஆண்டு, ஒக்ஸ்போர்ட் பகுதியில் பணமின்மையால் ஓகஸ்ற் மாதத்தில் நிலைக்கமராக்களை நிறுத்திவிட்டனர். கண் மூடப்பட்ட செய்தி பரவியதும் எல்லை மீறுவோர் தொகை உயர்ந்தது. 2011ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அவை மீண்டும் இயக்கப்பட்டன.

இனி வாகன ஓட்டத்தைப் பார்ப்போம். இவ்விடத்தில் வேறொரு கமராவை நினைவுகூர்தல் தகும். 1930களில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்னும் பொறியியலாளர், வீதியோரத்தில் கமராவை வைத்து வாகனங்களைத் தொடர்ந்து படம்பிடித்தார். தண்டிப்பதற்காக அன்று, அறிவதற்காக. வாகனங்கள் நெருங்க நெருங்க வேகம் குறையும் என்பதையும், மிகுந்த வேகத்திலன்றி நடுத்தரமான வேகத்திலேதான் ஒரு வீதி அதிக வாகனங்களைக் கடத்தும் என்பதையும் 1935ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்காட்டினார். 1955ஆம் ஆண்டில் லைற்ஹில், விதம் என்னும் இரு பிரித்தானியக் கணித அறிஞர்கள் நெரிசலான வீதியின் ஓட்டத்தை ஆற்று வெள்ளத்தின் அலையோடு ஒப்பிட்டனர். முன்னே ஒருவர் பிறேக்கை அழுத்தினால், பின்னால் வருபவர் சற்று மிகையாக அழுத்துவார்; அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் மிகையாக அழுத்துவார். அலை பின்னோக்கி ஓடும். ஒரு மைலுக்கு அப்பால், காரணம் இன்னதென்று அறியாமலே வண்டிகள் நின்றுவிடும்.

ஓரிடத்தில் நிற்கும் கமராவின் குறை இதனால் விளங்கும். அதனை அணுகும்போது சாரதி சட்டென வேகத்தைக் குறைக்கின்றார். கடந்ததும் இழந்த நேரத்தை ஈடுசெய்ய விரைகின்றார். இதற்குக் கங்காரு ஓட்டம் என ஆராய்ச்சியாளர் பெயரிட்டனர். 1992 முதல் 2016 வரையிலான பிரித்தானிய விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் இலண்டன் பொருளியற் கல்லூரியில் வெளியான ஆய்வு இதனை உறுதிசெய்தது. கமராவைச் சூழ்ந்த 500 மீற்றருக்குள் விபத்துகளும் இறப்புகளும் கணிசமாகக் குறைந்தன. ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பாலோ அந்த நன்மை மறைந்தது. விபத்துகள் சற்றுக் கூடியதற்கும் அறிகுறிகள் தென்பட்டன. வணக்கம் செலுத்தாத ஊழியரின் கதை மீண்டும் அரங்கேறிற்று. கண்ணுக்குப் பணிந்தவர் கண்ணைக் கடந்ததும் பழையபடி ஆயினர்.

இதற்கு மாற்று என்ன? கண்ணை ஓரிடத்தில் நிறுத்தாமல் வழி முழுவதும் நீட்டுதல். இரண்டு கமராக்களை மைல் கணக்கான தூரத்தில் வைத்து, ஒரே இலக்கத் தகடு முதலாவதைக் கடந்த நேரத்தையும் இரண்டாவதைக் கடந்த நேரத்தையும் குறித்துக்கொண்டால், இடைவழியின் சராசரி வேகம் தெரிந்துவிடும். வேலி மறைவிலிருந்த காவலரின் நிறுத்து கடிகாரக் கணக்கே இது. தூரம் மட்டும் நீண்டுவிட்டது. ஓரிடத்தில் பிறேக்கை அழுத்துவதாற் பயனில்லை. வழி முழுவதும் சீராகச் செல்வதே ஒரே வழி. நெதர்லாந்தில் றொற்றர்டாம் நகரின் ஒவர்ஸ்கீ பகுதியில் 2002ஆம் ஆண்டில் இம்முறையோடு வேக எல்லையும் 80 கிலோமீற்றராகக் குறைக்கப்பட்டபோது, அப்பகுதியின் காற்று மாசும் தணிந்தது.

ஸ்கொட்லாந்தின் அனுபவம் மேலும் படிப்பினை தருவது. டன்பிளேன் முதல் இன்வெர்னஸ் வரை மலைநாட்டின் ஊடே செல்லும் நீண்ட வீதியில் கொடிய விபத்துகள் மலிந்திருந்தன. மெதுவாகச் செல்லும் பாரவூர்திகளின் பின்னே வண்டிகள் வரிசையாகத் தேங்கும். பொறுமை இழந்தவர் முந்த முயல்வார். எதிரே வரும் வண்டியோடு மோதுவார். 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அங்கே சராசரி வேகக் கமராக்கள் இயங்கத் தொடங்கியபோது, பாரவூர்திகளின் எல்லை 40 மைலிலிருந்து 50 மைலாக உயர்த்தப்பட்டது. விரைவோரைத் தாழ்த்தியும் மெதுவாகச் செல்வோரை உயர்த்தியும் இரு சாராரையும் அண்மைப்படுத்தினர். முன்னர் மூவரில் ஒருவர் எல்லை மீறினர். பின்னர் பதினைவரில் ஒருவரே மீறினர். மரணங்களும் கடுங்காயங்களும் குறைந்தன. பிரித்தானியாவின் இத்தகைய வீதிகளை ஒருங்கே ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை, தானே தணியும் இயல்பையும் கழித்துப் பார்த்தபின், மரணமும் கடுங்காயமும் விளைக்கும் விபத்துகள் நூற்றுக்கு 36 பங்கு குறைந்தன எனக் கூறிற்று.

நெரிசல் மிகுந்த வீதிகளுக்கோ வேறொரு முறை கையாளப்பட்டது. இலண்டனைச் சூழ்ந்தோடும் அதிவேக வீதியின் தென்மேற்குப் பகுதியில், 1995ஆம் ஆண்டிலே மாறும் வேக எல்லைகளை அமைத்தனர். வாகனங்கள் பெருகும்போது தலைக்கு மேலுள்ள பலகை 60 எனவோ 50 எனவோ 40 எனவோ காட்டும். அதனை மதிக்கச் செய்வதற்குக் கமராக்கள் துணைநின்றன. வேகத்தைக் குறைத்தால் பயணம் தாமதமாகும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் எல்லோரும் ஒரே சீராகச் சென்றபோது பிறேக் அலைகள் தணிந்தன, நின்று நின்று நகரும் நிலை குறைந்தது, விபத்துகளும் குறைந்தன. கிரீன்ஷீல்ட்ஸ் கண்ட உண்மை அறுபது ஆண்டுகளின் பின் வீதியிலே நடைமுறைக்கு வந்தது.

கருவி திருந்தினாற் போதுமா? மக்களின் நம்பிக்கையும் வேண்டும். பிரித்தானியாவில் அபராதத் தொகையின் ஒரு பகுதியைக் கமராச் செலவுக்கே பயன்படுத்த இடமளித்தபோது, கமராவை அரசாங்கத்தின் பணங்காய்ச்சி மரம் என மக்கள் ஐயுற்றனர். கமராக்களுக்கு மஞ்சள் நிறம் பூசி யாவரும் காணச் செய்தனர். 2007ஆம் ஆண்டில் அந்நிதி ஏற்பாடும் கைவிடப்பட்டது. பிரான்சு நாட்டிலே 2003ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தானியங்கும் கமராக்கள் வந்தபின் வீதி மரணங்கள் விரைந்து குறைந்தன. 2002ஆம் ஆண்டில் ஏழாயிரத்துக்கு மேலிருந்த தொகை 2010ஆம் ஆண்டில் நாலாயிரத்துக்குக் கீழ் இறங்கிற்று. ஆயினும் 2018ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நாட்டுப்புற வீதிகளின் எல்லை 90 கிலோமீற்றரிலிருந்து 80 ஆகக் குறைக்கப்பட்டது. எரிபொருள் வரியாலும் மனம் கொதித்திருந்த மக்கள் அவ்வாண்டின் இறுதியில் மஞ்சட் சட்டை அணிந்து வீதிக்கு இறங்கினர். கமராக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பழுதாக்கப்பட்டன என 2019ஆம் ஆண்டு சனவரியில் அந்நாட்டு உள்துறை அமைச்சர் அறிவித்தார். உயிர் காத்த கருவியையே மக்கள் அடித்து நொறுக்கினர். அதனை அவர்கள் வரி தண்டுபவனாகவே கண்டனர்.

1966ஆம் ஆண்டில் பிரித்தானிய வீதிகளில் 7,985 பேர் இறந்தனர். 2016ஆம் ஆண்டில் 1,792 பேர் இறந்தனர். இடைக்காலத்தில் வாகனங்கள் பன்மடங்காகப் பெருகியிருந்தன. இப்பெருமை கமராவுக்கு மட்டும் உரியதன்று. இருக்கைப் பட்டி, மதுச் சோதனை, செம்மையான வீதி, சிறந்த மருத்துவம் ஆகிய யாவும் அதிற் பங்குகொண்டன. கமராவின் பங்கு சிறியதாயினும் உண்மையானது. ஓரிடத்தில் ஒளிந்து நின்று பிடித்தபோது அது அச்சத்தை வளர்த்தது. அச்சம் அரை மைலில் தீர்ந்தது. வழி முழுவதையும் அளந்தபோது அது சீரான நடையை வளர்த்தது; சீரான நடை உயிரையும் காத்தது, ஓட்டத்தையும் காத்தது. வோல்டர் ஆர்னோல்டை ஐந்து மைல் துரத்திச் சென்ற காவலர் ஒரு சாரதியைத்தான் திருத்த முயன்றார். இரண்டு கமராக்களுக்கு இடைப்பட்ட வழியிலோ எவரும் துரத்தப்படுவதில்லை. அங்கே தன் வேகத்தைத் தானே காத்துக்கொள்ளும் பொறுப்பு ஒவ்வொரு சாரதியின் கையிலும் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது.